குணபூஷணி ரயில் ஏறினாள்

கடைசியில அவ புருஷனோட சேர்ந்துட்டாள்னு யாரு தம்பி உங்களுக்குச் சொன்னது?

வேலூர்க்காரர் ஒருத்தரா. அதானே பார்த்தேன். வேலூர்ல பார்த்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. முதல்ல அதை அடிங்க. பேனா கையிலதானே இருக்கு, அடிங்க. அடிச்சாச்சா? சரி, இப்ப உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், இப்படி ஜன்னலோரமா உட்காருங்க, காத்து வரும்.

'குணபூஷணி அல்லது திறந்த வாசல்'. அதுதான் படத்தோட முழுப் பேரு. ஊமைப்பட காலத்துல எல்லாத்துக்கும் ரெண்டு பேரு வைப்பாங்க, நடுவுல ஒரு 'அல்லது'. கதை என்னுது. காட்சி காட்சியா எழுதிக் கொடுத்தது நான். நடுநடுவுல திரையில எழுத்து வருமே, அந்தக் கார்டுல இருந்த தமிழ் என்னுது, இங்கிலீஷும் என்னுது. தெலுங்கை மட்டும் நாயுடு எழுதிக்குவாரு. ஆனா படத்துல என் பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? 'கதை: எம். தேவசகாயம், பி.ஏ.' நான் பி.ஏ.வும் இல்ல, ஆம்பளையும் இல்ல. மரகதம் தேவசகாயம், மிஷன் பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்பு டீச்சர். ஏன் இப்படிப் போட்டீங்கன்னு கேட்டேன். "டீச்சரம்மா, பொம்பளை எழுதினதுன்னா கொட்டகைக்காரன் படப்பெட்டியைத் தொட மாட்டான். பி.ஏ.ன்னு போட்டா ரெண்டு கையாலயும் வாங்குவான்"னாரு.

நீங்க முழுப் பேரையும் போடுங்க. ஆனா 'முதல் பெண்மணி' அது இதுன்னு ஒண்ணும் வேண்டாம். எனக்கு முன்னால எவளாவது எழுதியிருப்பா. அவளையும் ஒருத்தன் பி.ஏ. ஆக்கியிருப்பான்.

நாயுடுன்னா எத்திராஜுலு நாயுடு. கோரமண்டல் பிலிம் கம்பெனி முதலாளி. டைரக்டரும் அவரே, பாதி நேரம் கேமரா சுத்துறதும் அவரே. அதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கிட்டிருந்தவரு. எங்க பள்ளிக்கூடத்துக்கு குரூப் போட்டோ எடுக்க வந்தப்ப, கிறிஸ்மஸ் நாடகத்துக்கு நான் பிள்ளைங்களை ஒத்திகை பார்த்துக்கிட்டிருந்தேன். பேச்சே இல்லாத நாடகம். பெரிய கலைன்னு நினைச்சுடாதீங்க, பிள்ளைங்களுக்கு வசனம் மனசுல நிக்கல, சரி போன்னு எல்லாத்தையும் எடுத்துட்டேன். மனுஷன் கேமராவைக் கீழ வச்சுட்டுக் கடைசி வரைக்கும் நின்னு பார்த்தாரு. "இதைத்தாம்மா நான் தேடிக்கிட்டிருக்கேன். என்கிட்ட எழுதறவங்க எல்லாம் நாடகத்துக்கு எழுதற மாதிரி எழுதறாங்க. வாயைத் திறந்தா கார்டு, மூடினா கார்டு. ஜனங்க பாதிப் பேருக்குப் படிக்கவே தெரியாது"ன்னாரு.

உண்மைதான். ஒரு பொம்பளைக்கு மனசு விட்டுப் போச்சுன்னு காட்டறதுக்குக் கார்டு எதுக்கு? அடுப்புல பால் பொங்கி வழியுது. அவ பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருக்கா, இறக்கல. போதாதா? அதைத்தான் எழுதினேன். கார்டே இல்லாம ஒரு ரீல் முழுக்க எழுதிக் கொடுத்திருக்கேன். இப்ப வர்ற படத்துல அஞ்சு நிமிஷம் யாராவது வாயை மூடிக்கிட்டு இருக்காங்களா, சொல்லுங்க பார்ப்போம்.

பள்ளிக்கூடத்துல என்னை அனுப்பிட்டாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. யாரும் அனுப்பல. சினிமாவா பள்ளிக்கூடமான்னு கேட்டாங்க. சினிமான்னேன். அதுக்குப் பேரு அனுப்பறதா? நானா வந்தேன்.

குணபூஷணி கதை எனக்கு என் தங்கச்சியால கிடைச்சது. கிருபைன்னு பேரு. வேலூர்ல தாலுக்கா ஆபீஸ் கிளார்க் ஆரோனுக்குக் கட்டிக் கொடுத்தோம். வெளியில பார்த்தா அவரை மாதிரி சாதுவான மனுஷன் கிடையாது. ஞாயித்துக்கிழமை சபையில முதல் பெஞ்சுல உட்கார்ந்து கணீர்னு பாடுவாரு. வீட்டுக்குள்ள வந்தா வேற ஆளு. ஒரு மழைக்காலத்துல கிருபை கைக்குழந்தையோட என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. இதே வீடுதான், இதே புரசைவாக்கம். மணிக்கட்டுல காய்ச்சின இரும்பு பட்ட தழும்பு. குழந்தைக்கு எஸ்தர்னு பேரு, அப்பத்தான் தத்தித் தத்தி நடக்க ஆரம்பிச்சிருந்துச்சு.

மழைக்காலம் முழுக்க இங்கதான் இருந்தா. சாப்பிட உட்காரும்போது நான் கேட்பேன், "அப்புறம் என்ன செஞ்சான்?" அவ சொல்லுவா. "அப்ப நீ எங்க நின்ன? அவன் எங்க நின்னான்? கதவு திறந்திருந்துச்சா, சாத்தியிருந்துச்சா?" அதையும் சொல்லுவா. அவ சொல்லச் சொல்ல எனக்குக் காட்சி காட்சியா தெரியும். சில நாள் சொல்ல மாட்டேன்னு எழுந்து போயிடுவா. நான் விடமாட்டேன். பட்ட கஷ்டத்துக்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா தம்பி? அவ ஒருத்தி அழுது தீர்க்கிறதை விட ஊர் ஊரா பொம்பளைங்க அதைப் பார்த்தா நல்லதுதானே.

எழுதி முடிச்சதும் வாசிச்சுக் காட்டினேன். குணபூஷணிங்கிற பொண்ணு. நல்லவன்னு ஊரே சொல்ற புருஷன். அவ பொறுத்துப் பொறுத்துப் பார்க்கிறா. ஒரு நாள் பால் பொங்குது, அவ இறக்கல. பெட்டியை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறா. அவன் பின்னாலயே ஓடி வந்து கெஞ்சறான். அவ ரயில் ஏறிப் போயிடறா. அவ்வளவுதான் கதை.

கிருபை கேட்டுக்கிட்டே இருந்தா. மடியில எஸ்தர் தூங்கிக்கிட்டிருந்துச்சு.

எஸ்தரை நான் கதையில சேர்க்கல. அதுக்குக் காரணம் உண்டு. வெயில்ல, வெயிலைத் திருப்பி மூஞ்சியில அடிக்கிற அத்தனை தகடு வெளிச்சத்துல, குழந்தை நிக்காது, அழும். நாயுடுவே சொன்னாரு. அதோட, ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறினா, பார்க்கிறவன் குழந்தையைத்தான் பார்ப்பான், அவளைப் பார்க்க மாட்டான். இது எழுதறவங்களுக்குத் தெரியும். வேண்டாததை வெட்டத் தெரியாதவன் எழுத வரக்கூடாது.

படம் பாதி எடுத்துக்கிட்டிருக்கும்போது ஆரோன் வந்தாரு, கூடப் பாஸ்டர் ஐயாவையும் கூட்டிக்கிட்டு. பாஸ்டர் ஜெபம் பண்ணினாரு. ஆரோன் காபி குடிச்சாரு. அப்புறம் மெதுவா, குரலே உயராம, "கிருபை இங்க இருக்கணும்னா இருக்கட்டும் அண்ணி. நான் கட்டாயப்படுத்தல. எஸ்தரை மட்டும் கொடுத்துடுங்க. பிள்ளை தகப்பனுக்குத்தானே"ன்னாரு. பாஸ்டர் தரையைப் பார்த்துக்கிட்டிருந்தாரு.

அன்னைக்கு சாயங்காலமே கிருபை கிளம்பிட்டா. நான் எவ்வளவோ சொன்னேன். "போகாதே, அவன் திருந்த மாட்டான், உனக்கு நான் இருக்கேன்"ன்னேன். அவ எஸ்தரோட சட்டையை மடிச்சு மடிச்சுப் பெட்டியில வச்சுக்கிட்டே இருந்தா. இவ்வளவு எடுத்துச் சொல்லியும் ஏன் போனாள்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல தம்பி. தைரியம் இல்ல, வேற என்ன.

சரி, அவ போனா போகட்டும், குணபூஷணி போகமாட்டான்னு இருந்தேன். அப்ப நாயுடு ஆரம்பிச்சாரு. கடைசிக் காட்சி எடுக்க ஸ்டேஷன்ல அனுமதி வாங்கியாச்சு. காலையில ஒரே ஒரு ரயில், அது நிக்கிற நேரத்துக்குள்ள எடுத்தாகணும். பிளாட்பாரத்துல கேமராவை நிறுத்தி வச்சுட்டு என்கிட்ட வந்து சொல்றாரு, "டீச்சரம்மா, ஒரு சின்ன மாற்றம். ரயில் கிளம்பும்போது அவ இறங்கி வந்து புருஷன் கால்ல விழறா, அவன் மாலை போடறான். ஜனங்க சந்தோஷமா வீட்டுக்குப் போகணும்."

"நான் எழுதினது அது இல்ல"ன்னேன்.

"படம் எடுக்கிறது நான்"னாரு.

நான் வாக்குவாதம் பண்ணல. குணபூஷணியா நடிச்சது டோரிஸ்னு ஒரு சட்டைக்காரப் பொண்ணு, அதான் ஆங்கிலோ இந்தியப் பொண்ணு, படத்துல குமாரி லீலாவதின்னு பேரு. தமிழ் அவ்வளவா வராது. ஒவ்வொரு காட்சியையும் அவளுக்கு இங்கிலீஷ்ல சொல்லிக் கொடுக்கிறது நான்தான். பக்கத்துல போய்ச் சொன்னேன், "ஏறு. ஏறினதும் உள்ள போய் உட்கார்ந்துக்கோ. யார் என்ன கத்தினாலும் இறங்காதே. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்கலாம்." அவ சிரிச்சுட்டு சரின்னா.

ரயில் விசில் அடிச்சுது. டோரிஸ் ஏறினா, உள்ள போயிட்டா. நாயுடு கேமராவைச் சுத்திக்கிட்டே "இறங்கு, இறங்கு"ன்னு கத்தறாரு. ஊமைப்படம்தானே, எவ்வளவு வேணும்னாலும் கத்தலாம். வண்டி நகர்ந்துது. புருஷனா நடிச்சவன் மாலையை வச்சுக்கிட்டு, இவ எப்ப இறங்குவா, எப்பக் கால்ல விழுவான்னு பார்த்துக்கிட்டு நிக்கிறான். வண்டி போயே போச்சு. அவன் நாயுடுவைப் பார்க்கிறான், ரயிலைப் பார்க்கிறான், மாலையைப் பார்க்கிறான். அந்த முகத்துல இருந்த திகைப்பு நடிப்பு இல்ல தம்பி. அதை மாதிரி ஒரு முகம் எந்த நடிகனுக்கும் வந்தது கிடையாது.

நாயுடு ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. ஆனா திரும்ப எடுக்க பிலிமும் இல்ல, அனுமதியும் இல்ல. கடைசியில போட்டுப் பார்த்துட்டு அவரே, "நல்லாத்தான் இருக்கு, பாவி"ன்னாரு. அப்படித்தான் குணபூஷணி ரயில் ஏறினா. நான் ஏத்தி அனுப்பினேன்.

படம் மெட்ராஸ்ல சுமாரா ஓடிச்சு. சில பேர் பத்திரிகையில திட்டி எழுதினாங்க. 'தேவசகாயம் என்ற கனவான் நமது குடும்ப ஸ்திரீகளைக் கெடுக்கிறார்'னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. கனவான்னு என்னை மரியாதையா சொன்னவரு அவரு ஒருத்தர்தான்.

வேலூர்ல மட்டும் கொட்டகை தினமும் நிரம்பி வழியுதுன்னு தகவல் வந்துச்சு. நாயுடு, "பாருங்கம்மா, வேலூர் ஜனங்களுக்கு உங்க கதை புரிஞ்சிருக்கு"ன்னாரு. எனக்கு ஒரே பெருமை. கிருபையையும் கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்க்கணும்னு உடனே கிளம்பிட்டேன். ஆரோன் ஆபீஸ் வேலையா ஆற்காடு போயிருந்தாரு. எஸ்தரை எதிர்வீட்டுல விட்டுட்டு ரெண்டு பேரும் முதல் ஆட்டத்துக்குப் போனோம். பொம்பளைங்க பக்கம் தனியா, நடுவுல மூங்கில் தட்டி.

உங்களுக்கு அந்தக் காலத்துக் கொட்டகை தெரியாது. திரைக்குப் பக்கத்துல ஒருத்தர் நிப்பாரு, கையில தகரக் குழாய். படம் ஓட ஓட அவர் கதை சொல்லுவாரு. கார்டு படிக்கத் தெரியாதவங்களுக்கு அவர் வாய்தான் படம். வேலூர்ல அந்த வேலைக்குத் தாண்டவராயன்னு ஒருத்தர். முன்னாடி நாடகக் கம்பெனியில பபூனா இருந்தவரு. என்ன குரல் தெரியுமா? சண்டைன்னா கொட்டகை அதிரும், அழுகைன்னா குழாயைக் கீழ வச்சுட்டுக் கிசுகிசுப்பாரு, கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். குறை சொல்ல முடியாது.

முதல் மூணு ரீல் ஒழுங்காத்தான் சொன்னாரு. அப்புறம் புருஷன் கை ஓங்கற இடம் வந்துது. "பாவம், ஆபீஸ்ல துரை திட்டிட்டான், மனுஷன் கோபத்தை எங்க காட்டுவான்"னாரு. நான் கிருபையைப் பார்த்தேன். அவ திரையைப் பார்த்துக்கிட்டிருந்தா. பால் பொங்கற இடம். "புள்ளைத்தாய்ச்சிக்கு மயக்கம், பால் பொங்கறதே தெரியல"ன்னாரு. யாரு புள்ளைத்தாய்ச்சி? நான் எழுதவே இல்ல. கடைசியா ஸ்டேஷன். தாண்டவராயன் சொல்றாரு, "குணபூஷணி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போறா. புருஷன் வழியனுப்ப வந்திருக்கான். பாருங்க அவன் முகத்தை. பொண்டாட்டியைப் பிரிஞ்சு எப்படி இருக்கப் போறோம்னு திகைச்சுப்போய் நிக்கிறான். கவலைப்படாதே ராசா, மூணு மாசத்துல தங்கவிக்கிரகம் மாதிரி புள்ளையோட வந்துடுவா."

ஜனங்க கை தட்டினாங்க. எழுந்து நின்னு தட்டினாங்க. நான் அவ்வளவு பாடுபட்டுப் பிடிச்ச முகம் தம்பி அது. அதை எடுத்து எதுக்கு உபயோகப்படுத்திட்டான் பாருங்க.

கிருபை கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "நல்லா முடிச்சிருக்காரு அக்கா"ன்னா.

ஆட்டம் முடிஞ்சதும் நேரா அவர்கிட்டப் போனேன். சோடா குடிச்சுக்கிட்டிருந்தாரு. கதை எழுதினது நான்னு சொன்னேன். எழுந்து நின்னு கும்பிட்டாரு. "ஏன் மாத்தினீங்க?"ன்னேன்.

"முதல் நாள் நீங்க எழுதினபடியேதாம்மா சொன்னேன்"னாரு. "அவ போறா, திரும்பி வரமாட்டான்னு சொன்னேன். பெஞ்சு பக்கமிருந்து சாணி வந்துச்சு திரையில. தரை டிக்கெட்டு ஆளுங்க தட்டியை ஒடைச்சாங்க. அது பரவால்ல, நான் பார்க்காததா. பொம்பளைங்க பக்கம் ஒரு சத்தம் இல்ல. அழல, பேசல, படம் முடிஞ்சும் எழுந்திருக்கல. இன்னாடா இதுன்னு எனக்குப் பயமாயிடுச்சு. இவங்க எல்லாம் வீட்டுக்குப் போய் இன்னா செய்வாங்களோன்னு. மறுநாள் மாத்திட்டேன்."

"உங்களை யாரு மாத்தச் சொன்னது? அது என் கதை. ஒருத்தி எழுதினதை இன்னொருத்தர் அவர் இஷ்டத்துக்கு மாத்தலாமா?"

"திரையில ஓடறதுதாம்மா உங்களுது. நான் சொல்றது என்னுது"ன்னாரு. கொஞ்சமும் கோபமில்லாம சொன்னாரு. அடுத்தவங்க கதையை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு முடிவு வைக்கிறவங்களை என்னால மன்னிக்கவே முடியாது. அன்னைக்கும் முடியல, இன்னைக்கும் முடியல.

மறுநாள் திரும்பப் போனேன். கிருபை வேண்டாம்னா. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். கடைசி ரீல் வந்துது. டோரிஸ் பெட்டியோட ஸ்டேஷனுக்குள்ள வர்றா. தாண்டவராயன் குழாயைத் தூக்கறாரு, "தலைப்பிரசவத்துக்கு"ன்னு ஆரம்பிக்கிறாரு. நான் பெஞ்சு மேல ஏறி நின்னேன்.

"இல்லை. அவ பிரசவத்துக்குப் போகல. புருஷனை விட்டுட்டுப் போறா. திரும்பி வரமாட்டா."

படத்துக்கு வாசிச்சுக்கிட்டிருந்த ஆர்மோனியம் நின்னு போச்சு. நாலாம் வகுப்பு டீச்சர் தம்பி நான், எனக்குக் குழாய் வேண்டாம். "யாரு அது, உட்காரு"ன்னு ஆம்பளைங்க பக்கம் சத்தம். "உட்கார மாட்டேன். இந்தக் கதையை எழுதினது நான்"னேன். ஒருத்தன் சிரிச்சான். "எழுதினது பி.ஏ. படிச்ச ஆம்பளை, கார்டுலயே போட்டிருக்கு"ன்னான். கொட்டகையே சிரிச்சுது.

நான் நிறுத்தல. அவ ஏன் போறாள்னு சொன்னேன். அடிச்சது துரை திட்டினதால இல்லைன்னு சொன்னேன். காய்ச்சின இரும்பைப் பத்திச் சொன்னேன், அது படத்துல கூட இல்ல, ஆனாலும் சொன்னேன். அதைக் கிருபை என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தா. அதனால என்ன, பேரைச் சொல்லலையே. தாண்டவராயன் குழாயை இறக்கிட்டாரு. அவர் நினைச்சிருந்தா என் குரலை அமுக்கியிருக்கலாம். அமுக்கல. நின்னு கேட்டாரு.

பொம்பளைங்க பக்கம் அவர் சொன்ன மாதிரியேதான், ஒரு சத்தம் இல்ல. திரையில டோரிஸ் ரயில் படியில கால் வைக்கிறா. அப்ப என் கால்கிட்ட உட்கார்ந்திருந்த கிருபை கேட்டா, "அக்கா, அவளுக்குப் பிள்ளை இல்லையா?"

மெதுவாத்தான் கேட்டா. ஆனா அந்த அமைதியில எல்லாருக்கும் கேட்டுச்சு. எல்லாப் பொம்பளைங்களும் திரும்பி என்னைப் பார்த்தாங்க.

"இல்லை"ன்னேன்.

"அப்ப அவ போகலாம்"னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

பாருங்க, அவளே ஒத்துக்கிட்டா. அத்தனை பேர் முன்னாடி. அது போதும் எனக்கு.

அப்புறம் சாணி வந்துச்சு, இந்தத் தடவை திரைக்கு இல்ல, எனக்கு. கொட்டகை முதலாளி வந்து விளக்கைப் போட்டு, "அம்மா, தயவுசெஞ்சு போயிடுங்க"ன்னு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாரு. புடவையெல்லாம் சாணியோட வேலூர் கடைத்தெருவுல தலை நிமிர்ந்து நடந்தேன். கிருபை பத்தடி தள்ளிப் பின்னால வந்தா. என் வேகத்துக்கு அவளால வரமுடியல போலிருக்கு. ஆரோன் காதுக்கு விஷயம் போச்சு. இனிமே அண்ணி எங்க வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னுட்டாரு. யார் ஏறினது அப்புறம்?

மறு வருஷம் பேசும் படம் வந்துடுச்சு. ஒரே வருஷத்துல எல்லாம் தலைகீழ். நாயுடு என்னைக் கூப்பிட்டு, "டீச்சரம்மா, இனிமே வசனம் எழுதுங்க"ன்னாரு. எழுதினேன். ஒரு காட்சியில தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து கீரை ஆய்றாங்க, ரெண்டு பேரும் பேசல. நாயுடு படிச்சுட்டு, "அம்மா, ஜனங்க காசு கொடுத்துக் கேட்க வர்றாங்க. இங்க ஒரு பாட்டு வைக்கலாம்"னாரு. "வச்சுக்கோங்க, நான் வர்றேன்"னு எழுந்துட்டேன். என்னைத் தள்ளிட்டாங்கன்னு சிலர் சொல்லுவாங்க. நான் எழுந்து வந்தேன். அப்புறம் இந்தக் கூடத்துல பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்தேன். நல்லாத்தான் இருந்தேன். குணபூஷணி பிலிமை நாயுடு ஒரு வளையல் பண்றவனுக்கு எடைக்குப் போட்டுட்டாரு. பிலிமை உருக்கி வளையல் பண்ணுவாங்க அப்ப. எவ கையில போய்ச் சேர்ந்தாளோ.

தாண்டவராயன் ஒரு நாள் இங்க வந்தாரு. இளைச்சுப் போயிருந்தாரு. கொட்டகையில இனிமே கதை சொல்ல ஆள் வேண்டாம்ல, திரையே பேசுதே. பேசும் படத்துல நடிக்கலாம்னு வந்தா, குரல் மைக்குக்கு ஒத்து வரல, உடையுதுன்னுட்டாங்களாம். என் மூலமா ஏதாவது கிடைக்குமான்னு வந்தாரு. எனக்கே ஒண்ணும் இல்லைன்னேன். ரெண்டு பேரும் காபி குடிச்சோம். போகும்போது வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னாரு.

"அம்மா, உங்க தங்கச்சி அப்புறமும் வந்தாங்க. கொட்டகையிலிருந்து படத்தைத் தூக்கறதுக்கு முந்தின நாள், தனியா. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வந்து என்கிட்டப் பேசினாங்க."

"என்ன பேசினா?"

"அக்கா சொன்ன மாதிரியே சொல்லுங்க, அவனை விட்டுட்டுத்தான் போறான்னு சொல்லுங்கன்னாங்க. ஆனா ரயிலுக்குள்ள அவ பிள்ளை இருக்குன்னு சொல்லுங்கன்னாங்க. முன்னாடியே கொண்டுபோய் உட்கார வச்சுட்டா, யாருக்கும் தெரியாம உட்கார வச்சுட்டா, அதனாலதான் அவ திரும்பிப் பார்க்காம ஏறறான்னு சொல்லச் சொன்னாங்க."

"நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. அன்னைக்குத்தான் பொம்பளைங்க பக்கம் கை தட்டினாங்க."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. ஆளாளுக்கு என் படத்துல கை வைக்கிறதா? இவருக்குப் பிரசவம் வேணும், அவளுக்குக் குழந்தை வேணும். நான் தாண்டவராயன்கிட்ட அப்புறம் முகம் கொடுத்துப் பேசல. அவர் கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. ஏதோ தேர்தல் கூட்டத்துல பேசறாருன்னு பிற்பாடு கேள்விப்பட்டேன்.

கிருபை வந்தா தம்பி. அதைச் சொல்லணும் உங்களுக்கு. எஸ்தர் தலைக்கு மேல வளர்ந்து, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்ச வருஷம், ரெண்டு பேரும் ரயில் ஏறி வந்துட்டாங்க. ஆரோன் தேடிக்கிட்டு வந்தாரு. இந்த வாசல்ல நான் குறுக்க நின்னேன். அவர் என்கிட்டப் பேசவே இல்ல, என்னைத் தாண்டி எஸ்தரைப் பார்த்து, "வா வீட்டுக்கு"ன்னாரு. எஸ்தர் வெளியில வந்து அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "நாங்க வரலைப்பா"ன்னா. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் தெருவுல நின்னாரு, போயிட்டாரு. அப்புறம் வரல.

எவ்வளவு வருஷம் ஆனா என்ன, கடைசியில நான் எழுதினபடிதான் நடந்துச்சு. அதை எழுதிக்கோங்க. என் படத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தைரியம் வந்துச்சு. அவ அப்படிச் சொல்ல மாட்டா. நான் சொல்றேன்.

இப்ப கிருபை தாம்பரத்துல எஸ்தர் வீட்டுக்குப் போயிருக்கா, வர்ற நேரம்தான். வந்தா நீங்க அவகிட்டயும் படத்தைப் பத்திக் கேட்பீங்க. கேளுங்க, நான் தடுக்கல. ரயில்ல ஒரு குழந்தை இருந்துச்சுன்னு சொல்லுவா. ஜன்னலோரமா உட்கார்ந்திருந்துச்சு, மஞ்சள் சட்டை போட்டிருந்துச்சு, கையில பொரி உருண்டை வச்சிருந்துச்சுன்னு கூடச் சொல்லுவா. கேட்க நல்லாத்தான் இருக்கும். எழுதிடாதீங்க.

அந்த ரயில்ல ஏறினது டோரிஸ் ஒருத்திதான் தம்பி. நான் பிளாட்பாரத்துல நின்னு பார்த்தேன்.